இங்கிலாந்துல இருந்து ஆப்பிரிக்க சர்ச் க்ளினிக் ஒண்ணுக்கு உதவ குடும்பமா சேரிட்டி ஆரம்பிக்கிறீங்களா? படிப்படியா சொல்றேன்

"ஆண்டவர் பாரம் கொடுத்திருக்கார், ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்து க்ளினிக்குக்கு ஏதாவது செய்யணும், குடும்பமா சேர்ந்து ஒரு சேரிட்டி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எங்க இருந்து தொடங்கணும்?" இந்த கேள்விய எங்க ஐக்கியத்துலயே நெறைய பேர் கேட்டுட்டாங்க. நாங்க இத செஞ்சப்போ தமிழ்ல ஒரு பக்கம் கூட கிடைக்கல, இங்கிலீஷ்ல இருக்கறது எல்லாம் தனித்தனியா கிடக்கும், எத முன்னாடி செய்யணும் எத பின்னாடி செய்யணும்னு யாரும் சேர்த்து சொல்ல மாட்டாங்க, அதுலயே எங்களுக்கு பாதி நேரம் போச்சு. அதனால வரிசையா எழுதுறேன்.

இது இங்கிலாந்து, வேல்ஸ்ல இருக்கறவங்களுக்கு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் ரெகுலேட்டர் வேற, விதியும் கொஞ்சம் வேற. நாங்க உதவுறது மேற்கு உகாண்டாவுல ஆங்கிலிக்கன் டயோசிஸ் (திருமண்டலம்) நடத்துற ஒரு ஹெல்த் சென்டருக்கு, என் மனைவி நர்ஸ், அவ வார்டுல கூட வேலை பாக்குற ஒரு உகாண்டா அக்கா மூலமா வந்த தொடர்பு. அதனால அந்த பக்கத்து விவரம் எல்லாம் உகாண்டாவ வச்சுத்தான் சொல்வேன்.

1. முதல்ல அங்க யார்னு முடிவு பண்ணுங்க, பேரும் லோகோவும் அப்புறம்

எல்லாரும் முதல்ல பேர் வைப்பாங்க. அதுக்கு அவசரமே இல்ல. அங்க ஏற்கனவே நடந்துட்டு இருக்கற ஒரு க்ளினிக்க கண்டுபிடிங்க. புதுசா கட்டடம் கட்டி நாமளே ஆஸ்பத்திரி நடத்தலாம்ங்கற எண்ணம் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க, கட்டடம் கட்டறது சுலபம், அடுத்த 20 வருஷம் க்ளினிக்கல் ஆபீசருக்கும் (அங்க டாக்டர் இல்லாத இடத்துல நோயாளிய பாக்கறவர்) மிட்வைஃபுக்கும் சம்பளம் யார் தரப்போறா?

உகாண்டாவுல ஹெல்த் சென்டருக்கு படிநிலை இருக்கு. இரண்டாம் நிலைன்னா பாரிஷ் அளவுல (சர்ச் பாரிஷ் இல்ல, சில கிராமங்கள் சேர்ந்த அரசு நிர்வாகப் பகுதி) வெளிநோயாளி மட்டும். மூணாம் நிலைன்னா அதுக்கு மேல இருக்கற சப்-கவுண்டி அளவு, பிரசவ வார்டும் சின்ன லேபும் இருக்கும். நாலாம் நிலைல ஆபரேஷன் தியேட்டர் இருக்கணும். நீங்க உதவப்போறது எந்த நிலைன்னு தெரியாம "ஸ்கேன் மெஷின் வாங்கித் தர்றோம்"னு வாக்கு கொடுத்தா அத பாக்க ஆள் இருக்காது.

சர்ச் க்ளினிக்குகளுக்கு மேல ஒரு அமைப்பு இருக்கும், அவங்கள முதல்ல பிடிங்க. உகாண்டாவுல புராட்டஸ்டன்ட் பக்கம் உகாண்டா புராட்டஸ்டன்ட் மெடிக்கல் பீரோ, கத்தோலிக்க பக்கம் உகாண்டா கத்தோலிக் மெடிக்கல் பீரோ. மலாவின்னா கிறிஸ்டியன் ஹெல்த் அசோசியேஷன் ஆஃப் மலாவி, ஜாம்பியான்னா சர்ச்சஸ் ஹெல்த் அசோசியேஷன் ஆஃப் ஜாம்பியா, கென்யா, கானாவுலயும் இதே மாதிரி உண்டு. நீங்க சொல்ற க்ளினிக் அவங்க உறுப்பினர் லிஸ்ட்ல இருக்கான்னு ஒரு ஈமெயில்ல கேட்டுடலாம், காசு செலவே இல்ல.

க்ளினிக்கிட்ட கேக்க வேண்டிய பேப்பர்:

- அந்த வருஷத்து லைசென்ஸ் காப்பி
- டயோசிஸ் அந்த க்ளினிக்குக்கு சொந்தக்காரர்ங்கறதுக்கு கடிதம்
- கடைசி ரெண்டு வருஷ கணக்கு, ஆடிட் ஆனதுன்னா ரொம்ப நல்லது
- பேங்க்ல இருந்து ஒரு லெட்டர், அக்கவுண்ட் க்ளினிக் பேர்லயோ டயோசிஸ் பேர்லயோ இருக்கணும், ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் காசு எடுக்க முடியணும்
- சமீபத்திய எச்எம்ஐஎஸ் 105

கடைசியா சொன்னது என்னன்னா, உகாண்டாவுல ஒவ்வொரு ஹெல்த் சென்டரும் மாசா மாசம் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்புற ரிப்போர்ட் ஃபார்ம். எத்தன மலேரியா கேஸ், எத்தன கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வந்தாங்க, எத்தன பிரசவம், எல்லாம் அதுல இருக்கும். நமக்குன்னு தனியா ரிப்போர்ட் எழுத சொன்னா அந்த ஒரே மிட்வைஃபோட ராத்திரி தூக்கம்தான் போகும், அதனால ஏற்கனவே அவங்க நிரப்புற பேப்பரையே கேளுங்க. ஒரு வருஷத்து 105 பன்னெண்டையும் வரிசையா வச்சு பாத்தா க்ளினிக்கோட நெலம உங்களுக்கே புரிஞ்சுடும்.

பெரிய பொறி: பாஸ்டரோட இல்ல ஒரு தனி நபரோட சொந்த அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்றது. அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் வேண்டாம். நம்பிக்கை இல்லன்னு அர்த்தம் இல்ல, அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. பவுலே எருசலேமுக்கு காணிக்கைய தனியா தூக்கிட்டு போகல, சபைகள் தெரிஞ்செடுத்த ஆட்களையும் கூட வச்சுக்கிட்டார்.

2. புது சேரிட்டி நிஜமா வேணுமா?

வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ உங்க குடும்பமும் சொந்தக்காரங்களும் மட்டும் கொடுக்கற அளவுன்னா வேண்டாம். உங்க சபை ஏற்கனவே ரிஜிஸ்டர்ட் சேரிட்டியா இருந்தா, அதுக்குள்ள இந்த க்ளினிக்குக்குன்னு ஒரு ரெஸ்ட்ரிக்டட் ஃபண்ட் வைக்க முடியுமான்னு செயலாளர்கிட்ட கேளுங்க. அந்த காசு வேற எதுக்கும் போகக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது, கிஃப்ட் எய்டும் (காணிக்கை மேல அரசாங்கம் சேர்த்து தர்ற பணம், படி 8ல சொல்றேன்) அவங்களே வாங்கிடுவாங்க. வெளி ஆட்கள்கிட்ட தொடர்ந்து காசு வாங்கப்போறீங்க, பல வருஷம் செய்யப்போறீங்கன்னா மட்டும் கீழ படிங்க.

3. எந்த வடிவம்

குடும்ப சேரிட்டிக்கு எனக்கு தெரிஞ்சு சரியானது சிஐஓ (சேரிட்டபிள் இன்கார்ப்பரேட்டட் ஆர்கனைசேஷன்) ஃபவுண்டேஷன் மாடல். டிரஸ்டிங்க (சேரிட்டிய நடத்தற பொறுப்பாளர்கள்) மட்டும்தான் உறுப்பினர், தனியா மெம்பர்ஷிப் ஓட்டு எல்லாம் கிடையாது. கம்பெனிகள பதியற கம்பெனீஸ் ஹவுஸ்ல பதிய வேண்டாம், ஏதாவது கடன் வந்தா டிரஸ்டிங்க சொந்த வீட்டுக்கு வராத மாதிரி பாதுகாப்பும் இருக்கு.

சாதாரண டிரஸ்டா இருந்தா வருஷ வருமானம் 5,000 பவுண்டு தாண்டினாத்தான் சேரிட்டி கமிஷன்ல (இங்க சேரிட்டிகள பதிஞ்சு கண்காணிக்கற ரெகுலேட்டர், இனிமே கமிஷன்னா இதுதான்) பதியணும். சிஐஓவுக்கு அந்த வரம்பு கிடையாது, ஒரு பவுண்டு வருமானம்னாலும் பதியணும், பதிஞ்ச நாள்ல இருந்துதான் அது பிறக்கவே செய்யுது. இத நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா இதுலதான் நெறைய பேர் மாட்டறாங்க: கமிஷன்ல இருந்து சேரிட்டி நம்பர் வர்றதுக்கு முன்னாடி அந்த பேர்ல பேங்க் அக்கவுண்ட் திறக்க முடியாது, காசு வாங்கவும் முடியாது. பேங்க் முதல்ல திறந்துட்டு அப்புறம் அப்ளை பண்ணலாம்னு அலைஞ்சா அலைஞ்சதுதான்.

4. டிரஸ்டிங்க: குடும்பம் மட்டும் போதாது

புருஷன், பொண்டாட்டி, மச்சான் மூணு பேர் போதுமேன்னு தோணும். ஆனா கமிஷன் கேக்கற முக்கியமான கேள்வி இதுதான், டிரஸ்டிங்க ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா, அப்படின்னா ஆதாய முரண் வந்தா எப்படி சமாளிப்பீங்கன்னு. உதாரணத்துக்கு உங்க பையன் அங்க வாலன்டியரா போறான், டிக்கெட் செலவ சேரிட்டி தரலாமான்னு பேச்சு வருது. அப்பா, அம்மா, மாமா மூணு பேருமே அந்த பேச்சுல இருந்து விலகணும். அப்போ முடிவெடுக்க யார் இருக்கா?

அதனால அஞ்சு பேர் வைங்க, அதுல மூணு பேராவது சொந்தம் இல்லாதவங்களா இருக்கட்டும். சபைல கணக்கு தெரிஞ்ச ஒருத்தர், ஹெல்த் பக்கம் ஒருத்தர், முடிஞ்சா அந்த நாட்டுல பிறந்து இங்க வாழற ஒருத்தர். எங்களுக்கு அந்த உகாண்டா அக்கா டிரஸ்டியா வந்தது எவ்வளவு நல்லதுன்னு சொல்லி முடியாது. ஒரு பட்ஜெட் வந்தா அவங்க ஒரு பார்வை பாத்துட்டு "இந்த வெலைக்கு அங்க சிமென்ட் கிடைக்காது"ன்னோ "இது ரொம்ப ஜாஸ்தி"ன்னோ சொல்லிடுவாங்க, நாம இங்க உக்காந்து கூகிள் பண்ணி அத கண்டுபிடிக்கவே முடியாது.

சிஐஓ டிரஸ்டிக்கு 16 வயசு முடிஞ்சிருக்கணும். திவாலானவங்க, பணமோசடி மாதிரி குற்றத்துல தண்டனை பெற்று அதோட காலம் முடியாதவங்க இருக்க முடியாது. இத கேக்க கூச்சமா இருக்கும், பாஸ்டர்கிட்ட எப்படி கேக்கறதுன்னு தோணும், ஆனா ஒவ்வொருத்தரும் டிக்ளரேஷன் ஃபார்ம்ல கையெழுத்து போடணும், பொய் சொன்னா குற்றம். முதல்லயே எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டுடுங்க, யாருக்கும் மனக்கஷ்டம் வராது.

டிரஸ்டிக்கு சம்பளம் கிடையாது. கைக்காசு செலவு பண்ணினத ரசீது வச்சு வாங்கிக்கலாம், அவ்வளவுதான்.

5. நோக்கத்த எழுதறது

கமிஷன் சைட்லயே மாதிரி கான்ஸ்டிட்யூஷன் (சேரிட்டியோட விதிமுறை ஆவணம்) இலவசமா இருக்கு. அத அப்படியே எடுங்க, கோடு போட்ட இடத்த மட்டும் நிரப்புங்க, நடுவுல உங்க சொந்த விதி எதையும் சேக்காதீங்க, சேத்தா கேள்வி வரும், கேள்வி வந்தா வாரக்கணக்குல இழுக்கும். வக்கீல் தேவையில்ல. "நாங்க பதிஞ்சு தர்றோம்"னு நூத்துக்கணக்குல கேக்கறவங்க இருக்காங்க, அந்த காசுல எத்தன பிரசவத்துக்கு கிளவுஸ் வாங்கலாம்னு நெனச்சுக்கங்க.

நோக்கம்ங்கற பகுதிதான் உயிர். 2011 சேரிட்டீஸ் ஆக்ட்ல 13 வகை நோக்கம் இருக்கு, நமக்கு வேண்டியது வறுமை ஒழிப்பு, ஆரோக்கியமும் உயிர் காப்பும், சமுதாய மேம்பாடு, வேணும்னா கிறிஸ்தவ மார்க்கத்தின் வளர்ச்சி. இதுல மூணு விஷயம் கவனிங்க:

ஒண்ணு, ஊர் பேர ரொம்ப குறுக்காதீங்க. அந்த ஒரு கிராமத்த மட்டும் எழுதிட்டா அடுத்த வருஷம் பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு ரூபா கொடுக்க முடியாது, சிஐஓவோட நோக்கத்த மாத்தணும்னா கமிஷன் அனுமதி வேணும். "உகாண்டாவிலும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலும்"ங்கற மாதிரி எழுதுங்க.

ரெண்டு, உதவி கிறிஸ்தவங்களுக்கு மட்டும்ங்கற தொனியே வரக்கூடாது. பொது நன்மைங்கறதுதான் சட்டத்தோட அடிப்படை. அங்க க்ளினிக் வாசல்ல காலைல பாத்தா தலைல முக்காடு போட்ட முஸ்லிம் அம்மாக்களும் சேர்ந்துதான் பெஞ்ச்ல உக்காந்திருப்பாங்க, மிட்வைஃப் யாரையும் மதம் கேக்கறதில்ல. நீங்க எழுதறதும் அப்படி இருக்கட்டும்.

மூணு, ஊழியத்தையும் சேக்கறதா இருந்தா மறைக்காம தனி நோக்கமா எழுதுங்க. ஹெல்த்னு மட்டும் பதிஞ்சுட்டு அந்த காசுல சுவிசேஷ கூட்டம் நடத்தினா அது நோக்கத்துக்கு வெளிய செலவு பண்ணினதா ஆகும், டிரஸ்டிங்கதான் பதில் சொல்லணும்.

6. அப்ளை பண்றது

ஆன்லைன்தான், கட்டணம் எதுவும் இல்ல. கைல வச்சுக்க வேண்டியது: கான்ஸ்டிட்யூஷன், எல்லா டிரஸ்டியோட முழுப்பேர், பிறந்த தேதி, விலாசம், கையெழுத்து போட்ட டிக்ளரேஷன், முதல் வருஷம் என்ன செய்யப்போறீங்க எவ்வளவு வரும்னு ஒரு திட்டம்.

வெளிநாட்டு வேலைன்னா கேள்வி கூடுதலா வரும். பார்ட்னர் யாரு, எப்படி தேர்ந்தெடுத்தீங்க, காசு எப்படி போகும், போய் சேந்துச்சுன்னு எப்படி தெரிஞ்சுப்பீங்க. படி 1ல சொன்ன பேப்பர் எல்லாம் ஏன் முன்னாடியே வாங்க சொன்னேன்னா இதுக்குத்தான், அது கைல இருந்தா பதில் எழுத ஒரு சாயங்காலம் போதும், இல்லன்னா உகாண்டாவுக்கும் இங்கயும் ஈமெயில் பறந்துட்டே இருக்கும். குழந்தைங்க சம்பந்தப்பட்ட வேலைன்னா சேஃப்கார்டிங் பாலிசியும் (அவங்களுக்கு தீங்கு வராம பாதுகாக்கற விதிகள்) எழுதி வச்சுக்கங்க.

காலம்? சில வாரத்துல முடிஞ்சவங்களும் இருக்காங்க, மாசக்கணக்கா இழுத்தவங்களும் இருக்காங்க. கிறிஸ்மஸ்க்கு நிதி திரட்டணும்னா வசந்த காலத்துலயே அப்ளை பண்ணிடுங்க. அந்த ஈமெயில தினமும் பாருங்க, ஸ்பாம் ஃபோல்டரையும் சேர்த்து, கேள்விக்கு குறிச்ச தேதிக்குள்ள பதில் போகலன்னா அப்ளிகேஷன மூடிடுவாங்க.

7. பேங்க்: பொறுமை ரொம்ப வேணும்

நேர்மையா சொல்றேன், மொத்த வேலைலயும் இதுதான் கஷ்டம். சின்ன சேரிட்டி, அதுலயும் ஆப்பிரிக்காவுக்கு காசு அனுப்பற சேரிட்டின்னா பல பேங்க் தயங்கும். 2020ல இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் உகாண்டா எஃப்ஏடிஎஃப்ங்கற பணமோசடி தடுப்பு சர்வதேச அமைப்போட கண்காணிப்பு பட்டியல்ல இருந்துச்சு, அப்போ இன்னும் மோசம். இப்ப வெளிய வந்தாச்சு, ஆனாலும் கேள்வி நிக்கல. எங்களுக்கு ஒரு பேங்க் மாசக்கணக்கா பேப்பர் மேல பேப்பர் கேட்டுட்டு கடைசில காரணமே சொல்லாம முடியாதுன்னுடுச்சு.

அதனால ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணி மூணு கேள்வி கேளுங்க: சேரிட்டி அக்கவுண்ட்ல இருந்து வெளிநாட்டுக்கு பணம் அனுப்ப முடியுமா (சில சேரிட்டி அக்கவுண்ட்ல அந்த வசதியே கிடையாது), அந்த குறிப்பிட்ட நாட்டுக்கு அனுப்புவீங்களா, ஆன்லைன்ல ரெண்டு பேர் ஒப்புதல் கொடுத்தாத்தான் பணம் போகற மாதிரி வைக்க முடியுமா. ஒரே நேரத்துல ரெண்டு மூணு இடத்துல அப்ளை பண்ணுங்க, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு காத்திருந்தா வருஷம் ஓடிடும்.

அந்த ரெண்டு பேர் ஒப்புதல்ல புருஷன் பொண்டாட்டிய போடாதீங்க. ஒருத்தர் குடும்பம், ஒருத்தர் வெளி ஆள்.

இன்னொரு விஷயம், இந்த காத்திருக்கற காலத்துல யாராவது காசு கொடுக்க வந்தா "நம்பர் வரட்டும், அப்புறம் கொடுங்கண்ணே"ன்னு சொல்லிடுங்க. உங்க சொந்த அக்கவுண்ட்ல வாங்கி வச்சீங்கன்னா அத பின்னாடி விளக்கறது பெரும்பாடு.

8. எச்எம்ஆர்சியும் கிஃப்ட் எய்டும்

கமிஷன் நம்பர் வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, வரி விஷயத்துல எச்எம்ஆர்சிகிட்ட (இங்க வரித்துறை) தனியா அப்ளை பண்ணணும். அதுக்கு பேங்க் அக்கவுண்ட் விவரம் கேப்பாங்க, அதனாலதான் வரிசை எப்பவும் கமிஷன், பேங்க், எச்எம்ஆர்சி. பொறுப்பாளர்களோட நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் எடுத்து வச்சுக்கங்க. இதுவும் இலவசம்தான்.

கிடைச்சதும் 100 பவுண்டு காணிக்கைக்கு அரசாங்கம் 25 பவுண்டு சேர்த்து தரும். கொடுத்தவர் அந்த அளவுக்காவது இங்க வரி கட்டியிருக்கணும், கிஃப்ட் எய்டு டிக்ளரேஷன் (நான் வரி கட்டறவர், என் காணிக்கைக்கு வாங்கிக்கங்கன்னு எழுதி தர்றது) கொடுத்திருக்கணும். 4 வருஷத்துக்குள்ள கிளெய்ம் பண்ணலாம், ஆன்லைன்ல போட்டா பொதுவா நாலு வாரத்துல வந்துடும். டிக்ளரேஷன, கிளெய்ம் பண்ணின கடைசி காணிக்கைல இருந்து 6 வருஷம் பத்திரமா வைக்கணும்.

நம்ம ஆளுங்க மாட்டற இடம் மூணு. ஜெபக்குழுல பத்து குடும்பம் காசு போட்டு ஒருத்தர் மொத்தமா அவர் அக்கவுண்ட்ல இருந்து அனுப்புவார், அவர் டிக்ளரேஷன வச்சு முழு தொகைக்கும் கிளெய்ம் பண்ணக்கூடாது. அது அவர் காசு இல்ல, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியா அனுப்பி தனித்தனி டிக்ளரேஷன் கொடுக்கணும். ரெண்டாவது, ஊர்ல இருந்து அம்மா அப்பா அனுப்பற காசு, அவங்க இங்க வரி கட்டலன்னா அதுக்கும் கிடையாது. மூணாவது, மிஷன் டிரிப் போற உங்க பிள்ளைக்காக நீங்களே கொடுக்கற ஸ்பான்சர் பணம், அதுல உங்களுக்கு ஆதாயம் இருக்கறதால அதுவும் ஆகாது.

ஆராதனைக்கு அப்புறம் பெட்டில விழுற சில்லறைக்கு டிக்ளரேஷன் இல்லாமலே ஒரு திட்டம் இருக்கு, 30 பவுண்டுக்கு மேற்படாத சின்ன காணிக்கைங்க, வருஷத்துக்கு 8,000 பவுண்டு வரைக்கும், அதுக்கு 2,000 பவுண்டு கிடைக்கும். ஆனா அதே வருஷத்துல சாதாரண கிஃப்ட் எய்டும் கிளெய்ம் பண்ணியிருக்கணும்.

9. காசு அனுப்பறது

முதல்ல ரெண்டு பக்க அளவுல ஒரு ஒப்பந்தம்: எதுக்கு, எவ்வளவு, எத்தன தவணை, என்ன ரசீது, மிஞ்சினா என்ன செய்யறது. டயோசிஸ்ல ஹெல்த் கோஆர்டினேட்டர் இருப்பார், அவரும் கையெழுத்து போடட்டும். முதல் தவணை சின்னதா அனுப்பி, ரசீது வந்த பிறகு அடுத்தது. வெளிநாட்டுக்கு போற பணம் தர்ம காரியத்துக்குத்தான் செலவாச்சுன்னு உறுதிப்படுத்த நியாயமான முயற்சி எடுத்தீங்களான்னு எச்எம்ஆர்சி கேக்கும், காட்ட முடியலன்னா அந்த தொகைக்கு வரி கட்ட வேண்டி வரலாம்.

செலவு ரெண்டு இடத்துல ஒளிஞ்சிருக்கும், அனுப்பற கட்டணம் ஒண்ணு, எக்ஸ்சேஞ்ச் ரேட்ல வெட்டறது ஒண்ணு. ரெண்டாவதுதான் பெருசு. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பாம மூணு மாசத்துக்கு ஒரு தடவ அனுப்புங்க. அங்க கிராமத்துல மொபைல் மணிதான் (போன் நம்பர் வழியா அனுப்பற பணம்) ஓடும், கூலிக்கும் போக்குவரத்துக்கும் அதுலதான் கொடுப்பாங்க, பணம் எடுக்கும்போது அரைசதவீத வரி வேற உண்டு, அத பட்ஜெட்லயே சேர்த்துடுங்க.

ஊருக்கு போறவர் கைல ரொக்கம் கொடுத்து விடறது வேண்டவே வேண்டாம்.

எதுக்கு கொடுக்கறதுங்கறதுலயும் ஒரு வார்த்தை. தடுப்பூசி அரசாங்கத்துல இருந்து வரும். தட்டுப்பாடு எதுலன்னா கிளவுஸ், லேப் ரீஏஜென்ட் (ரத்த டெஸ்ட் மாதிரி பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனம்), கரண்ட், ஆம்புலன்ஸ் எரிபொருள், ஸ்டாஃப் சம்பளம். இதெல்லாம் போட்டோவுக்கு அழகா இருக்காது, ஆனா இதுதான் உயிர காப்பாத்துது. அங்க மருந்து ரூம்ல ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஸ்டாக் கார்டு இருக்கும், வந்தது, போனது, மீதின்னு கட்டம் போட்டு பேனால எழுதியிருப்பாங்க. ஆக்ஸிடோசின் கார்ட கேட்டு பாருங்க, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்க நிறுத்தற ஊசி, மீதி கட்டத்துல சைபர் எத்தன நாள் நின்னிருக்குன்னு பாத்தாலே எதுக்கு காசு கொடுக்கணும்னு தெரிஞ்சுடும். அந்த ஊசிய 2ல இருந்து 8 டிகிரி குளிர்ல வைக்கணும், அதனால சோலார் ஃப்ரிட்ஜ்ங்கறதும் தாய்மார உயிரோட வீட்டுக்கு அனுப்பற செலவுதான்.

பிரசவத்துக்கு வர்ற தாய்மாருக்கு மாமா கிட்னு (அங்க மாமான்னா அம்மா) ஒரு பொட்டலம் உண்டு, பிளாஸ்டிக் ஷீட், கிளவுஸ், தொப்புள்கொடி கட்டற நூல், பிளேடு, பஞ்சு, சோப்பு எல்லாம் அதுல இருக்கும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நல்ல முதல் ப்ராஜெக்ட். சம்பளத்துல மட்டும் ஜாக்கிரதை, நீங்க சேர்த்து கொடுக்க ஆரம்பிச்சுட்டு ரெண்டு வருஷத்துல நிறுத்தினா அந்த நர்ஸ் அரசு வேலைக்கு போயிடுவாங்க, க்ளினிக் முன்ன விட மோசமா ஆயிடும். எத்தன வருஷம்னு எழுதி கொடுத்துட்டு ஆரம்பிங்க.

தண்ணி வேலைன்னா, அங்க யூ2ன்னு சொல்ற அடிபம்பு நம்ம ஊர் தெருவுல நிக்கற இந்தியா மார்க் 2வோட வம்சம்தான். போர் போடறதுக்கு எல்லாரும் காசு கொடுப்பாங்க, வாஷர் மாத்த யாரும் கொடுக்க மாட்டாங்க. ஊர் தண்ணி கமிட்டி இருக்கா, மாசம் சந்தா வாங்கறாங்களா, பம்ப் மெக்கானிக் எவ்வளவு தூரத்துல இருக்கார்னு கேட்டுட்டு செய்யுங்க.

10. மருந்தும் மெஷினும் இங்க இருந்து அனுப்பறது

வீட்டுல மிஞ்சின மாத்திரை, ஆஸ்பத்திரில எக்ஸ்பயரி நெருங்கினது, இதெல்லாம் சேர்த்து பெட்டி கட்டாதீங்க. உலக சுகாதார நிறுவன விதிப்படி தானமா போற மருந்து போய் சேரும்போது பொதுவா ஒரு வருஷமாவது ஆயுள் இருக்கணும், நோயாளி திருப்பி கொடுத்தது கூடவே கூடாது. அந்த நாட்டு மருந்து ஆணையத்தோட அனுமதியும் வேணும்.

அங்கயே வாங்கலாம். கம்பாலாவுல ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் இருக்கு, 1979ல ரெண்டு மெடிக்கல் பீரோவும் சேர்ந்து ஆரம்பிச்சது. க்ளினிக் அங்க ஆர்டர் போடும், இன்வாய்ஸ் உங்களுக்கு வரும், அதுவே கணக்குக்கு ஆதாரம். கென்யாவுல மெட்ஸ்னு இதே மாதிரி ஒண்ணு.

மெஷின் அனுப்பியே ஆகணும்னா, உகாண்டாவுல கரண்டும் பிளக்கும் இங்க மாதிரியே, அதுல பிரச்சனை இல்ல. பிரச்சனை ரிப்பேர்லயும் உதிரி பாகத்துலயும். அங்க அத சரி பண்ண ஆள் யாருன்னு பேரோட தெரிஞ்சா மட்டும் அனுப்புங்க, துறைமுக செலவ யார் கட்டறதுன்னு முன்னாடியே எழுதிடுங்க, கன்டெய்னர் கென்யாவோட மொம்பாசா துறைமுகத்துல நின்னா நாளுக்கு நாள் வாடகை ஏறும்.

11. நேர்ல போறது

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சர்டிபிகேட் இல்லாம உகாண்டாவுல நுழைய முடியாது, கெளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டுடணும். விசா ஆன்லைன்ல. டாக்டரோ நர்ஸோ போய் நோயாளிய தொடணும்னா அந்த நாட்டு கவுன்சில்ல தற்காலிக பதிவு வேணும், இங்க நர்ஸ் பதிவுக்கான என்எம்சி நம்பர் இருக்குன்னு சொன்னா அங்க செல்லாது. டூரிஸ்ட் விசால போய் வேலை செய்யாதீங்க, மாட்டினா க்ளினிக்குக்குத்தான் கெட்ட பேர்.

நாமளே அங்க ஆபீஸ் போட்டு ஆள் வச்சு நடத்தறதா இருந்தா 2016 என்ஜிஓ ஆக்ட் படி பதிவு, பர்மிட், மாவட்ட நிர்வாகத்தோட ஒப்பந்தம் எல்லாம் வேணும். பதிவான உள்ளூர் அமைப்புக்கு கிராண்ட் கொடுக்கறதோட நின்னா அந்த பாரம் இல்ல. சின்ன குடும்ப சேரிட்டிக்கு இதுவே போதும்.

நோயாளிய போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க மொழில கேட்டு சம்மதம் வாங்குங்க. நம்ம தங்கச்சி லேபர் வார்டுல இருக்கறத யாராவது படம் புடிச்சு போட்டா விடுவோமா?

12. வருஷா வருஷம்

சிஐஓன்னா வருமானம் எவ்வளவு கம்மியா இருந்தாலும் வருஷ ரிட்டர்னும் கணக்கும் கமிஷனுக்கு போகணும், நிதி வருஷம் முடிஞ்சு 10 மாசத்துக்குள்ள. சின்ன அளவுக்கு வரவு செலவு கணக்கே போதும், பெரிய அக்கவுண்டன்ட் தேவையில்ல, வருமானம் கூடினா இன்டிபென்டன்ட் எக்ஸாமினர் (சேரிட்டிக்கு சம்பந்தம் இல்லாம கணக்க சரிபாக்கறவர்) பாக்கணும், அந்த வரம்பு மாறும்ங்கறதால ஒவ்வொரு வருஷமும் கமிஷன் சைட்ல பாத்துக்கங்க. லேட் ஆனா ரிஜிஸ்டர்ல உங்க பேருக்கு நேரா எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டும், காசு கொடுக்கறவங்களும் பேங்க்கும் அத பாக்கறாங்க.

பணம் காணாம போச்சு, யாரோ தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா மறைக்காம கமிஷனுக்கு சீரியஸ் இன்சிடென்ட் ரிப்போர்ட் போடுங்க. குடும்பத்துக்குள்ள பேசி தீத்துக்கலாம்னு வைக்கறதுதான் பின்னாடி பெருசா வெடிக்குது.

நிதி வருஷத்த எப்போ முடிக்கறதுன்னு ஆரம்பத்துலயே யோசிங்க. அங்க க்ளினிக் கணக்கு எந்த மாசம் முடியுதுன்னு கேட்டுட்டு, அதுக்கு மூணு மாசம் தள்ளி உங்க வருஷத்த வச்சுட்டா அவங்க கணக்கும் ரசீதும் உங்க கைக்கு வந்த பிறகு நீங்க எழுத உக்காரலாம். மழைக்காலத்துல ரோடு போயிடும், நெட் வராது, ரசீது ஸ்கேன் பண்ண டவுனுக்கு போகணும், அதுக்கும் சேர்த்து நாள் விடுங்க.

மேல சொன்ன ஃபார்ம் எதுலயாவது சிக்கினா எந்த பக்கத்துல எந்த கேள்வின்னு குறிச்சு எழுதுங்க, தெரிஞ்சத சொல்றேன்.